மிம்பர் ஏற்றிய லொறி

நிந்தவூரில் எங்கள் தளபாடப் பட்டறைக்கு வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். இழுப்பறையை இழுத்துப் பார்ப்பார்கள். அலுமாரிக் கதவின் பொலிஷ் மினுக்கத்தில் தங்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். வாங்கிய சாமான் எப்படி வீடு வந்து சேரப்போகிறது என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. "அது லொறில வரும்தானே" என்று தாங்களே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மரவேலை முழுக்க என் கணவருடையது. ஊரில் அவரை ஓடாவியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடர் எடுப்பது, ஆட்களோடு கதைப்பது, செய்து முடித்த சாமானை அனுப்பிவைப்பது எல்லாம் என் பங்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பட்டறையின் முன்னறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். அனுப்பும் வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தொடக்கத்தில், முதலில் வருகிற லொறிதான் நல்ல லொறி என்று இருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது குருநாகலுக்கு அனுப்பிய ஒரு அலுமாரி. "இப்பவே ஏத்தினா நாளைக்குக் காலம்பற குடுத்திருவன்" என்று ஒருவர் சொன்னார், ஏற்றிவிட்டேன். வழியில் அவர் கூரைத் தகடுகளையும் ஏற்றி, அலுமாரிக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார். போய் இறங்கியபோது இரண்டு கதவும் மேலிருந்து கீழ்வரை கீறிக் கிடந்தன. வாங்கியவர் ஒரு கல்யாணப் பெண்ணின் வாப்பா. மனிதர் ஏசவில்லை. படம் மட்டும் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் பொலிஷ் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு நாள் அந்த வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து கதவுகளைத் திருத்திவிட்டு வந்தார். வந்ததும் டின்னை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வேலையில் குந்தினார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு, பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பது போல லொறிகளைப் பார்க்கத் தொடங்கினேன். பின்பலகையைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பேன். தரையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, கூரையில் ஒழுக்கு உண்டா, கயிறு புதிதா என்று பார்ப்பேன். கூட என்ன ஏற்றுவீர்கள், யார் ஓட்டுவது, எங்கே நிற்பாட்டிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். கோபப்பட்டவர்களின் லொறியில் நான் ஒன்றும் ஏற்றியதில்லை.

அப்படிப் பழகிக்கொண்டிருந்த காலத்தில்தான் மிம்பர் ஓடர் வந்தது. கம்பளைப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் பள்ளிவாசலைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் குத்பா என்ற பிரசங்கத்தை ஓதுபவர் ஏறி நிற்கும் பழைய மிம்பரைக் கறையான் அரித்துவிட்டதாம். எங்கள் வேலையை யாரோ ஒரு வீட்டில் பார்த்துவிட்டுப் பள்ளித் தலைவர் போன் எடுத்தார். மிம்பர் நிற்கப்போகிற சுவரின் அளவுகளையும் படத்தையும் அனுப்பினார். மற்றதெல்லாம் போனிலேயே முடிந்தது. எங்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

என் கணவர் நாலு மாதம் அதில் கிடந்தார். நல்ல தேக்கு. மூன்று படி, அதன்மேல் நிற்கும் தட்டு, இரண்டு பக்கமும் கொடி செதுக்கிய கைபிடி, பின்னால் உயர்ந்து போகும் வளைவு. வேறு வேலைகளில் அலுப்பு வந்தால் எழுந்து போய்விடுவார். இதில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழும்பமாட்டார். பள்ளி திறக்கும் நாள் மாரி மழைக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. முதல் குத்பா இந்த மிம்பரில்தான் என்று தலைவர் சொல்லிவிட்டார். பிந்தினாலும் பரவாயில்லை என்று சொல்ல இடமில்லாத ஓடர் எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

குறித்த வெள்ளிக்கு ஒரு கிழமைக்கு முன்பே நான் வாகனம் தேடத் தொடங்கினேன்.

முதலில் பார்சல் சேவை ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நான் எழுதிக் கொண்டுபோன அளவைப் பார்த்துவிட்டு, "ராத்தா, ஒரு ஆள் தனியத் தூக்கிற சாமான்தான் எங்களுக்கு ஏலும்" என்றாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அடுத்தது கல்முனையில் ஒரு பெரிய லொறிக் கம்பனி. குளிர் அறையில் இருந்த முகாமையாளர் மரியாதையாகக் கதைத்தார்.

"எங்கட லொறி தம்புள்ள வரைக்கும் போகும் மிஸ். அங்க வேற லொறிக்கு மாத்தி அனுப்புவம்."

"மாத்தக்குள்ள யாரு நிப்பாங்க?"

"எங்கட ஆக்கள் நிப்பாங்க."

"எந்த ஆள் எண்டு தெரியுமா?"

அவர் கம்பியூட்டரைப் பார்த்தார். "அது அண்டைக்குத்தான் தெரியும் மிஸ்."

பொய் சொல்லாமல் சொன்னாரே என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். இடையில் தெரியாத கைகள் அந்த வளைவை இறக்கி ஏற்றும் காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, மரக்கறி லொறிக்காரத் தம்பி. மலையகத்திலிருந்து கல்முனைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது வெறும் லொறியோடு போகிறவர். கம்பளை அவர் போகிற வழிதான். கூலியும் குறைவு. லொறியைக் கழுவித் துப்புரவாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை போவதாகச் சொன்னார். என் கணவருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

நாலாவதாக வந்தவர் அட்டாளைச்சேனையைச் சேர்ந்த ஒரு டிரைவர். வயது அறுபதை நெருங்கியிருக்கும். சொந்தமாக ஒரு மூடுபெட்டி லொறி, அதை அவர் மட்டும்தான் ஓட்டுவார். போனில் விலை கேட்டேன். "சாமானப் பார்க்காம நான் என்னத்தச் சொல்ல?" என்றார். சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பட்டறைக்கு வந்தார்.

மிம்பரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு மடியிலிருந்து அளவு நாடாவை எடுத்து, "தொட்டுப் பார்க்கலாமா ஓடாவியார்?" என்று கேட்டுவிட்டு நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். வளைவு தனியாகக் கழன்று வரும். படிகளும் தட்டும் கைபிடியும் சேர்ந்து ஒரே துண்டு. அந்தத் துண்டை அவர் இரண்டு தரம் அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தப் பள்ளில தொழுற இடம் கீழயா, மேலயா?"

எனக்குத் தெரியவில்லை. என் கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்திலேயே தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"கீழ முழுக்கக் கடை. தொழுறது மேல்மாடியில" என்றார் தலைவர்.

"படிக்கட்டு எவ்வளவு அகலம் இருக்கும்?"

"மூணரை அடி. நடுவுல ஒரு திருப்பம் இருக்கு. ஏன் கேட்கிறீங்க?"

எங்கள் துண்டை எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் நாலடிக்குக் குறையாது. டிரைவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றார். என் கணவரின் முகம் சிவந்துவிட்டது.

"நாலு மாசம் செஞ்ச சாமான வெட்டச் சொல்றீங்களா? நீங்க லொறி ஓட்ட வந்தீங்களா, என்ட வேலையில குறை பார்க்க வந்தீங்களா?"

டிரைவர் குரலை உயர்த்தவில்லை. "வேலையில ஒரு குறையும் இல்ல, மாஷா அல்லாஹ். ஆனா இறக்க ஏலாத சாமான நான் ஏத்தமாட்டன் ஓடாவியார். கொண்டுபோய் றோட்டில வச்சிட்டு வாறதுக்கு நான் எதுக்கு?"

என் கணவர் பட்டறைக்குப் பின்னால் போய்விட்டார். டிரைவருக்குத் தேநீர் கொடுத்தேன். மனத்துக்குள் எனக்கு வந்தது கவலையில்லை, பெரிய ஆறுதல். வியாழக்கிழமை பின்னேரம், அந்தப் படிக்கட்டின் அடியில், ஊரே கூடி நிற்கும்போது தெரிய வேண்டிய விசயம் இங்கேயே, உளியும் வாளும் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் கணவரும் பென்சிலோடு திரும்பி வந்தார். மிம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, படிகளையும் தட்டையும் எந்த இடத்தில் பிரிக்கலாம் என்று கோடு போடத் தொடங்கினார். டிரைவரும் பக்கத்தில் குந்தினார். "இந்தப் பட்டிக்குக் கீழ வெட்டினா வெட்டுத் தெரியாது" என்று என் கணவர் சொல்ல, "ஓம், ஓம்" என்று அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன் சண்டை பிடித்தவர்கள் போலவே இருக்கவில்லை.

வெட்டும் வேலை செவ்வாய் மதியம் வரை இழுத்தது. உள்ளுக்குள் மரமுளைகளும் போல்ட்டும் வைத்து, ஒன்றோடொன்று இறுகும்படி செய்தார். ஆனால் அங்கே போய்ப் பொருத்திப் பூட்டுவதற்கு அவரே போகவேண்டும் என்றாகிவிட்டது. அதோடு என் கணக்கே மாறிவிட்டது. இனி நான் தேடுவது மரச்சாமானுக்கு மட்டுமான லொறி இல்லை. என் மனிதரும் அதில் ஏறப்போகிறார்.

செவ்வாய் மதியம் மரக்கறித் தம்பி லொறியோடு வாசலுக்கே வந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ராத்தா, இப்ப ஏத்தினா நாளைக்குக் காலைல அங்க நிப்பம். ரெண்டு நாள் மிச்சம்."

என் கணவரும், "இஞ்ச பாரு புள்ள, நேரத்தோட போய்ச் சேர்ந்தா நல்லதுதானே" என்றார். பள்ளித் தலைவரும் காலையில் அதையேதான் சொல்லியிருந்தார். அட்டாளைச்சேனைக்காரர் புதன்கிழமை விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் புறப்படுவேன் என்றிருந்தார். அதுவும் தம்பியைப் போல மஹியங்கனை வழியாக மலை வளைவுகளில் ஏறமாட்டாராம். மட்டக்களப்பு, பொலன்னறுவை, தம்புள்ளை என்று சுற்றித்தான் போவாராம். கூலியும் அவருக்குத்தான் கூட.

தம்பியில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குறை இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்திருப்பேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, மழைக்கு மலையில றோட்டப் பூட்டினா என்ன செய்வீங்க?"

"அல்லாஹ் காப்பாத்துவான் ராத்தா. பூட்டினா அப்ப பார்ப்பம்."

இதே கேள்வியை நான் அட்டாளைச்சேனைக்காரரிடமும் கேட்டிருந்தேன். அவரும் முதலில் அல்லாஹ்வின் பேரைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு, வழியில் லொறியைக் கூரைக்குக் கீழே நிற்பாட்டக்கூடிய மூன்று இடங்களைச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் சொன்னார். "தண்ணி வந்தா நிண்டு வடியவிட்டுப் போவன். அதுக்குத்தான் ஒரு நாள் கூட வச்சிருக்கன்" என்றார்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. இந்தமுறை வேற ஆளுக்குச் சொல்லிட்டன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. "பரவால்ல ராத்தா, அடுத்தமுறை பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் என்னோடு பின்னேரம் வரை சரியாகக் கதைக்கவில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏற்றினார்கள். டிரைவர் பழைய மெத்தைகளைத் தரையில் விரித்து, துண்டுக்குத் துண்டு இடையில் போர்வைகளைத் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, லொறியைக் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி, இறங்கி வந்து கயிற்றை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். புறப்படும்போது தன் மனைவியின் நம்பரை எனக்குத் தந்தார்.

"ஓட்டக்குள்ள நான் போன் எடுக்கமாட்டன் தங்கச்சி. நிண்ட இடத்தில இருந்து வீட்டுக்குச் சொல்லுவன். ஒண்டும் தெரியாட்டி இவங்களக் கேளுங்க."

என் கணவர் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்து, "துஆ செய் புள்ள" என்றார். கோபம் போயிருந்தது.

மட்டக்களப்பைத் தாண்டியதும் ஒரு தடவை கதைத்தார். மதியத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் முற்றத்திலேயே கணுக்கால் அளவு தண்ணீர். அவருக்கு எடுத்தேன், தொடர்பில்லை என்றது. டிரைவருக்கு எடுத்தேன், அதுவும் அப்படியே. அஸர் நேரம் என் போன் அடித்தது. மரக்கறித் தம்பி.

"ராத்தா, நான் மஹியங்கனையில நிக்கிறன். நேத்து ராவே மேல மண் சரிஞ்சி றோட்டப் பூட்டிட்டாங்க, இன்னும் திறக்கல்ல. எப்ப திறக்கும் எண்டு தெரியா. வெறும் லொறிதானே, எனக்குப் பரவால்ல. உங்கட சாமான் இதுல இல்லாதது நல்லதாப் போச்சி எண்டு சொல்லத்தான் எடுத்தன்."

"நீங்க நல்லா இரிக்கிறீங்களா தம்பி?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு கடையில ஒதுங்கிக் கிடக்கன்."

போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். அவர் பத்திரமாக இருக்கிறார் என்பது ஒரு ஆறுதல். என் கணவர் அந்தப் பாதையில் இல்லை என்பது அதைவிடப் பெரிய ஆறுதல். ஆனால் எந்தப் பாதையில், எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பொலன்னறுவைப் பக்கம் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

டிரைவரின் மனைவிக்கு எடுத்தேன். முன்பின் தெரியாத பெண். நான் யாரென்று சொல்லி முடிக்கும் முன்பே விளங்கிக்கொண்டார்.

"எனக்கும் பகலுக்குப் பொறகு கோல் வரல்ல மகள். கறண்டு இல்லாம டவர் வேலை செய்யாது போல. நீங்க யோசிக்காதீங்க. இத்தன வருசத்தில ஓடுற தண்ணிக்க லொறிய இறக்கின மனிசன் இல்ல அவர். நிப்பாட்டினா நிப்பாட்டினதுதான். நாலு பேர் ஏசினாலும் அசையமாட்டார்."

அவர் குரலில் பதற்றமே இல்லை. "சாப்பிட்டீங்களா மகள்?" என்று வேறு கேட்டார். இல்லையென்றேன். "முதல்ல சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கே பள்ளித் தலைவர் எடுத்துவிட்டார். "எங்க வருது? நாளைக்கு ஜும்ஆ, ஆட்களுக்கெல்லாம் சொல்லிட்டோமே." வந்துகொண்டிருக்கிறது என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, மழை எப்படி என்று பேச்சை மாற்றினேன். அதற்குப் பிறகு மேசையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கதிரையின் அளவைக் கொப்பியில் மூன்று தடவை பிழையாக எழுதினேன்.

பத்து மணிபோலத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"புள்ள, நாங்க ஹபரணைக்கு வந்திட்டம்."

என் கணவரின் குரல். கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். "கேட்குதா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"கேட்குது. எங்க இருந்தீங்க?"

"பொலன்னறுவைக்கு இஞ்சால ஒரு சின்னப் பள்ளில நிண்டம். றோட்டில இடுப்பளவு தண்ணி. முன்னால ரெண்டு வாகனம் இறங்கித்தான் போச்சி. நானும் போவம் எண்டன். இவர் லொறித் திறப்பக் கழட்டி மடியில வச்சிட்டு, தொழுதிட்டுப் படுங்க எண்டிட்டார். பள்ளிக்காரங்க சோறு தந்தாங்க. காலைல தண்ணி வடிஞ்சி பொலிஸ் விட்ட பொறகுதான் எடுத்தார்."

"சாமான்?"

"ஒரு சொட்டுப் படல்ல. நான் உள்ள ஏறிப் பார்த்தன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், "நீ சொன்ன ஆள் சரி."

யாரோ ஒரு கடைக்காரரின் போனாம், திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டார். நான் உடனே டிரைவரின் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் விட்ட நீளமான மூச்சைக் கேட்டபோதுதான், நேற்று எனக்குத் தைரியம் சொன்னவரும் உள்ளுக்குள் பயந்துதான் இருந்திருக்கிறார் என்று விளங்கியது. இருவரும் போனில் சிரித்தோம், கொஞ்சம் அழுதும்விட்டோம்.

அஸருக்குக் கொஞ்சம் பிந்தி லொறி பள்ளி வாசலில் போய் நின்றது. பள்ளித் தலைவர் தன் போனில் வீடியோவாக எடுத்து எனக்குக் காட்டினார். வளைவு முதலில் போனது. பிறகு தட்டும் கைபிடியும் சேர்ந்த துண்டு. ஆறு பேர் தூக்கினார்கள். டிரைவர் கீழே நின்றபடி, "மெல்ல, மெல்ல, சுவர்ப் பக்கம் சாயாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். என் கணவர் கையை வைத்துப் பார்த்தார். சுவருக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கை போகிற அளவு இடம் இருந்தது. துண்டைச் சரித்துத் திருப்பினார்கள். மேலே போய்விட்டது. "அல்லாஹு அக்பர்" என்று எழுந்த தக்பீர் சத்தத்தில் தலைவரின் போன் ஆடி, படம் கூரைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் கணவர் எடுத்தார். குத்பா ஓதியவர் கனத்த மனிதராம். அவர் படியில் கால் வைத்தபோது, வெட்டிப் பூட்டிய இடம் ஒரு சத்தம் போட்டுவிடுமோ என்று இவர் முதல் வரிசையில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு சின்ன முனகல்கூட இல்லையாம்.

"வெட்டின இடம் எது எண்டு தலைவரே தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க ஏலல்ல" என்றபோது அவர் குரலில் நாலு மாத உழைப்பின் சந்தோசம் முழுதும் இருந்தது.

"டிரைவர் காக்கா எங்க?"

"இஞ்சதான். பிரியாணி திண்டுட்டு லொறிக்குள்ள குறட்டை விடுறார். எழும்பினாத்தான் வெளிக்கிடலாம். பொலன்னறுவையால றோட்டுச் சரியாகிட்டாம், கேட்டு வச்சிட்டார்."

பிந்தினாலும் பரவாயில்லை, ஆறுதலாக வாருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். மழை அப்போதும் பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முற்றத்துத் தண்ணீரில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த கொப்பியை மூடி வைத்துவிட்டு, பட்டறை வாங்குப் பலகையில் கால் நீட்டிப் படுத்தேன். படுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தேன்.